சமோவா அண்ணனும் சுவரில் நான் எழுதிய வரியும்

போன மாதம், மல்யுத்த மண்டபத்தில் என் இடத்துக்குப் பயிற்றுநர்களாக வந்த நீங்கள் இருவரும் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டீர்கள். பிள்ளை அழுகிறாள், பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிள்ளை அழவில்லை. என் மடியில் நல்ல உறக்கத்தில் இருந்தாள்.

"மிஸ், மண்டபத்துச் சுவரில பச்சைப் பெயின்ற்றால பெரிசா எழுதியிருக்கே, 'விழுந்தவர் சுகம் என்றால் நம்பாதே' எண்டு, அது ஆரு எழுதினது? தாய் தகப்பன்மார் பாத்துப்போட்டு ஒரு மாதிரிச் சிரிக்காங்க. சுவருக்கு வெள்ளை அடிக்கப்போறம். அழிக்கவா, விடவா?" என்று கேட்டீர்கள்.

எழுதியது நான். அழிப்பதா விடுவதா என்று சொல்வதற்கு, எட்டு வருடம் மல்யுத்தப் பயிற்றுநராக இருந்த காலத்தில் மூன்று நாட்களை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பணி அனுபவங்களை எழுதுவது ஓய்வு பெற்றவர்களின் வேலை. எனக்கு முப்பத்திரண்டு வயது. கையில் ஏழு மாதக் குழந்தை. வேலையை விட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை, திரும்பி வருவேனா என்றும் தெரியவில்லை. இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று பலமுறை யோசித்தேன். பிடிகள், புள்ளிகள், விதிகள் எல்லாம் உங்கள் டிப்ளோமாப் புத்தகங்களில் இருக்கின்றன, அவற்றை நான் தொடப்போவதில்லை. அந்தச் சுவர் எழுத்தில் உண்மையின் ஒரு பாதி இல்லை. அந்தப் பாதியை, அதைத் தெரிந்துகொள்ள உரிமையுள்ள ஒருவரிடம் இரண்டு வருடமாகச் சொல்லாமல் இருந்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. பெயரைச் சொல்லமாட்டேன், அவர் மனைவிக்கு அது விருப்பமில்லை. நாங்கள் சமோவா அண்ணன் என்போம். சமோவா பசிபிக் கடலில் உள்ள தீவு. அங்கே பிறந்து, நியூசிலாந்து, ஜப்பான், அமெரிக்கா என்று றெஸ்லிங் மேடைகளில் இருபது வருடத்துக்கு மேல் விழுந்து எழும்பியவர். சிறுவயதில் ரீவியில் பார்த்திருப்பீர்களே, அந்த வகை றெஸ்லிங். பெரிய புகழ் இல்லை. புகழ் பெற வேண்டியவர்களிடம் தோற்றுக்கொடுப்பதுதான் அவர் வேலை. அவர்களில் பலருக்கு விழப் பழக்கியதும் அவர்தான்.

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். இங்கே பெரியகல்லாற்றில் பிறந்தவர். நியூசிலாந்தில் ஆஸ்பத்திரித் தாதியாக, எங்கள் பேச்சில் மிஸ்ஸியாக, இருந்தவர். தோள்மூட்டு விலகி வந்த ஆளுக்குக் கட்டுப் போடப்போய்த்தான் பழக்கமாம். அக்காவின் தாய் படுக்கையில் விழுந்தபோது இருவரும் ஊருக்கு வந்தார்கள். தாய் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். அதனால் ஒரு மனிதன் அரை உலகம் தாண்டி மனைவி வீட்டுக்கு வந்தது யாருக்கும் புதினமாகப் படவில்லை. உருவம்தான் புதினம். அவரை முதல்முதல் பஸ் தரிப்பிடத்தில் பார்த்த இரண்டு பெண்களின் பேச்சை அக்கா எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"வெளிநாட்டுக்காரன் எண்டாங்க, நம்மடாக்கள் மாதிரிச் சாரம் கட்டிக்கிட்டு நிக்காரே கா."

"ஒரு சாரமா அது? ரெண்ட ஒண்டா மூட்டினதாக்கும்."

அவர் ஊரிலும் ஆண்கள் அப்படித்தான் கட்டுவார்களாம். வாவியையும் தென்னையையும் ஈரப்பலாக்காயையும் பார்த்துவிட்டு, விமானம் தன்னைச் சுற்றிக்கொண்டு போய்த் தன் ஊரிலேயே இறக்கிவிட்டது என்றாராம். தமிழை அக்காவிடம் கேட்டுக் கேட்டுப் பழகினார். எங்கள் பெண்கள் கணவனை "இஞ்சருங்க" என்று கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும். அக்கா தன்னைக் கூப்பிடுவதைக் கேட்டுக்கேட்டு அதுதான் ஆட்களைக் கூப்பிடும் சொல் என்று நினைத்துவிட்டார். மீன்காரர், பாதிரியார், பத்து வயதுப் பிள்ளை எல்லாருக்கும் "இஞ்சருங்க"தான். ஒருமுறை வலயக் கல்வி அலுவலகத்தில் வயதான அதிகாரி ஒருவரை அப்படிக் கூப்பிட்டு, அந்த அறையே எழும்பி வெளியில் போய்ச் சிரித்தது. யாரும் திருத்தவில்லை. திருத்த மனம் வரவில்லை.

நான் வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம் அக்கா அவரை மண்டபத்துக்குக் கூட்டிவந்தார். வீட்டில் சும்மா இருந்தால் தன்னை அரிக்கிறார் என்றார். செட்டிபாளையத்துப் பக்கத்துப் பிள்ளைகள் பதினொரு பேர். ஒட்டுப்போட்ட பழைய மெத்தை. அவர் ஒரு கிழமை முழுக்க மூலையில் இருந்து பேசாமல் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"இஞ்சருங்க, இந்தப் புள்ளையளுக்கு விழத் தெரியா."

எனக்குக் கோபம் வந்தது. டிப்ளோமா முடித்துவிட்டு வந்த புதிது. நாடக றெஸ்லிங்காரர் எனக்குச் சொல்லித்தருவதா என்று நினைத்தேன். "நாங்க விழுத்துறதுக்குத்தான் பழக்குறம் அண்ணே. விழுறதுக்கு இல்ல," என்றேன்.

"விழப் பயம் எண்டா மத்தவள இறுக்கிப் புடிப்பா. இறுக்கிப் புடிச்சா ரெண்டு பேருக்கும் முறியும்."

சொல்லிவிட்டு மெத்தையின் நடுவில் போய் நின்று அப்படியே மல்லாக்க விழுந்தார். கட்டடம் அதிர்ந்தது. கூரைத் தகரத்தில் இருந்த காகங்கள் ஒன்றாகக் கிளம்பின. அவர் அசையவில்லை. வாய் ஒரு பக்கம் கோணி, நாக்கு வெளியே கிடந்தது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். சின்னப் பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். வாசலில் அக்கா கச்சான் கடலைக் கோது உடைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் கா கத்துறீங்க? அதுதான் அவருட தொழில். விட்டா மத்தியானச் சோறு வரைக்கும் கிடப்பாரு."

சோறு என்றதும் அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

அன்றே பிள்ளைகள் விழப் பழகினார்கள். தலை குனிந்து நாடி நெஞ்சோடு ஒட்ட வேண்டும், கை மெத்தையை அடிக்க வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும். அதோடு ஓர் அடையாளமும் சொல்லிக்கொடுத்தார். விழுந்தவளின் கையைப் பிடி. அவள் உன் கையை ஒருதரம் அழுத்தி, பிடியை விட்டால் சுகம். அழுத்தாவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்து. அவருடைய மேடையில் ஆயிரம் பேர் கத்தும்போது ஒருவரை ஒருவர் கேட்க அது ஒன்றுதான் வழியாம். சனம் அதைக் காணாது.

"சனம் நினைக்கும் நான் அவனக் கொல்றன் எண்டு," என்றார். "என்ட வேல வேற. அவன்ட உசிரு என்ட கையில. மெல்லமா கீழ வைக்கணும். அவ்வளவுதான்."

ஒருநாள் ஏதோ ஒரு நகரத்தில் எதிராளியைத் தூக்கிப் போட்டபோது அவன் கழுத்து மடங்கிவிட்டதாம். கையைப் பிடித்தார், அழுத்தம் இல்லை. இன்னும் பத்து நிமிட ஆட்டம் இருந்தது. இவர் வென்று பட்டம் எடுக்க வேண்டிய நாள் அது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. இவர் ஆட்டத்தை நிறுத்தி அவன் பக்கத்தில் மண்டியிட்டு இருந்துவிட்டார். சனம் போத்தலால் எறிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கொம்பனி இவரைக் கூப்பிடவில்லை. அந்த மனிதன் இன்றும் ஊன்றுகோலோடு நடக்கிறான் என்று பெரிய சந்தோஷமாகச் சொல்வார். நடக்கிறான் என்பதுதான் அவருக்குச் செய்தி.

மாகாணப் போட்டிக்குப் போன நாளைப் பற்றி இப்போது எழுத வேண்டும். அதில் பிழை முழுக்க என்னுடையது.

துஷாந்தினியை உங்களுக்குத் தெரியும், இப்போது பெரிய பிள்ளைகளுக்குத் தலைவியாக இருக்கிறாள். அப்போது பதினாறு வயது. தகப்பன் வாவியில் மீன்பிடிப்பவர். தன் நிறைப் பிரிவுக்கு அவள் கொஞ்சம் கூடிப்போனாள். குறைக்கச் சொன்னேன். எப்படிக் குறைக்கிறாள் என்று கேட்கவில்லை. போட்டியன்று காலை நிறை பார்த்தபோது சரியாக இருந்தாள். எனக்குச் சந்தோஷம். சமோவா அண்ணன் அவளுடைய புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். தோல் கூடாரம் மாதிரி நின்றது, படியவில்லை.

"இஞ்சருங்க, இவ இண்டைக்கு வேணாம்."

"நீ என்ன சொல்றாய் துஷா?" என்று கேட்டேன்.

"சுகமா இருக்கன் மிஸ். வெளுத்து வாங்குவன் பாருங்க."

வாவிக்குப் போகாமல் தகப்பன் முன்வரிசையில் வந்து இருந்தார். வெள்ளைச் சேட்டு, தலையில் எண்ணெய். நான் அவரைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். அவளே சுகம் என்கிறாளே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இறக்கினேன்.

முதல் சுற்று முடியவில்லை. யாரும் தொடாமலே கண் செருகி மல்லாக்கப் போனாள். ஆனால் போகும்போதே நாடி நெஞ்சில் ஒட்டியது, கை மெத்தையை அடித்தது. உணர்வு போன பிறகும் உடம்புக்கு விழத் தெரிந்திருந்தது. தலை அடிபடவில்லை. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். இரண்டு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அங்கேதான் சொன்னாள். தகப்பன் என்னை ஏசவில்லை. "ரீச்சர், நீங்க படிச்ச ஆள் எண்டுதான் நம்பி விட்டன்," என்றார். இன்றைக்கும் பிள்ளைக்கு மருந்து அளக்கும்போது அந்தக் குரல் என் காதில் கேட்கும். மூன்றுதரம் அளப்பேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் சமோவா அண்ணன் என் பக்கத்தில் இருந்தார். சீற்றில் முக்கால்வாசி அவர்.

"அவ எனக்கிட்டப் பொய் சொல்லிட்டா அண்ணே," என்றேன்.

"உங்கள விருப்பம், அதாலதான் பொய் சொன்னா. விருப்பம் இல்லாத ஆளுக்கிட்ட நோகுது எண்டு சொல்லலாம். லேசு."

"அப்ப நான் என்ன செய்யிற?"

"கேக்காதீங்க. பாருங்க."

அதன் பிறகு மூன்று வருடம் இந்தச் சொல்லை வைத்துத்தான் வேலை செய்தேன். யாரையும் சுகமா என்று கேட்டு இறக்கியதில்லை. நாக்கு, நகம், கண், நடை எல்லாவற்றையும் பார்த்தேன். நன்றாகச் செய்கிறேன் என்றே நினைத்தேன்.

ஆனால் அவரைப் பார்க்கவில்லை. படிகளில் நின்று நின்று ஏறினார், வெயில் என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சைத் தடவினார், உறைப்பு என்றார். இருபது வருடம் வராத நோவை வந்தது போலக் காட்டியவருக்கு வந்த நோவை மறைப்பது பெரிய வேலையா? அக்கா மிஸ்ஸி. அவரிடமே மறைத்திருக்கிறார்.

ஒவ்வொரு ஆவணி விடுமுறையிலும் பயிற்சி முகாமின் கடைசி நாள் தாய் தகப்பன்மாரைக் கூப்பிடுவோம். பிள்ளைகள் பிடி காட்டுவார்கள். எல்லாரும் காத்திருப்பது ஒன்றுக்குத்தான். பிள்ளைகளில் ஒருத்தி சமோவா அண்ணனைத் தூக்கிப் போட வேண்டும், அவர் சாக வேண்டும். பிள்ளைகள் சுற்றி நின்று எண்ணுவார்கள். ஒன்பதில் எழும்பிச் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு எல்லாரையும் கும்பிடுவார். வருடா வருடம் சனம் கூடியது.

அந்த வருடம் தூக்கிப் போட்டது துஷாந்தினி. முற்பகல், பதினொரு மணி இருக்கும். அவர் விழுந்தார், மண்டபம் அதிர்ந்தது, கைதட்டல். முகம் சுருங்கி, வியர்த்து, கண் மூடிக் கிடந்தார். "இம்முறை நடிப்பு முந்தி மாதிரி இல்ல, நல்ல திறம்," என்று யாரோ ஒரு தகப்பன் சொன்னது காதில் விழுந்தது. பிள்ளைகள் எண்ணினார்கள். ஏழு, எட்டு, ஒன்பது. அவர் எழும்பவில்லை. "பத்து, பதினொண்டு," என்று பிள்ளைகள் குதித்தார்கள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

நான் போய்க் குனிந்து கையைப் பிடித்தேன். அழுத்தினார்.

நான் நிமிர்ந்து சனத்துக்குப் பெருவிரலைக் காட்டினேன். "அண்ணன் மத்தியானச் சோறு வரைக்கும் கிடப்பாராம்!" என்று ஒலிவாங்கியில் சொன்னேன். பெரிய சிரிப்பு. பிரதம விருந்தினராக வந்த அதிகாரிக்கு வேறு கூட்டம் இருந்தது, இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டார். சான்றிதழ் கொடுக்கத் தொடங்கினோம். ஒவ்வொரு பிள்ளையும் அவரைச் சுற்றிப் போய் வாங்கிக்கொண்டு வந்தது. ஒரு சின்னவள் அவர் வயிற்றைத் தட்டிவிட்டுப் போனாள்.

துஷாந்தினி தன் சான்றிதழை வாங்க வரவில்லை. அவர் காலடியில் குந்தியிருந்தாள்.

"மிஸ், அண்ணன்ட நகத்தப் பாருங்க."

"துஷா, பேர் கூப்பிடுறாங்க. போ."

"மிஸ்! நான் அண்டைக்குச் சுகம் எண்டு சொன்னன் தானே. அது மாதிரித்தான் இது. நகத்தப் பாருங்க மிஸ்."

நகம் நீலம்.

எட்டுப் பேர் தூக்கினோம். ஓட்டோவில் ஏற்ற முடியாது. ஐஸ் பெட்டி ஏற்றும் மீன் லொறி ஒன்றை மறித்தோம். பிள்ளைகளுக்குச் சமையலில் நின்ற அக்கா கை கழுவாமல் ஓடிவந்து ஏறினார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது எல்லாம் முடிந்திருந்தது. முன்னமே கொண்டுவந்திருந்தால் தப்பியிருப்பாரா என்று டொக்டரைக் கேட்டேன். அப்படியும் சொல்ல முடியாது, இப்படியும் சொல்ல முடியாது என்றார். நல்ல மனிதர். அந்தப் பதிலோடுதான் இன்றுவரை இருக்கிறேன்.

நல்லடக்கத்துக்குச் சமோவாவிலிருந்து அவர் தம்பி வந்தார். தாழை ஓலையில் பட்டுப்போல மெல்லிசாகப் பின்னிய பாய் ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியின் மேல் விரித்தார். அது அவர்கள் வழக்கமாம். எங்கள் பிள்ளைகள் மெத்தையில் இருந்து பிய்ந்த ஒரு துண்டைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தார்கள். தம்பியின் தொலைபேசித் திரையில் ஒரு வயதான வெள்ளைக்காரர் பேசினார், ஊன்றுகோல் தெரிந்தது. அக்கா அழுதழுது அவர் சொன்னதை எங்களுக்குத் தமிழில் சொன்னார். "உலகத்தில எனக்காக ஆட்டத்த நிப்பாட்டின ஒரே ஆள் இவருதான்" என்றாராம். நான் சனத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அன்று எல்லாரும் என்னிடம் கேட்டார்கள். நான் எல்லாருக்கும் ஒன்றையே சொன்னேன். "கையப் புடிச்சன். அழுத்தினாரு. சுகம் எண்டு காட்டினாரு." அக்காவுக்கும் அதையே சொன்னேன். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காட்டியிருப்பாரு. புள்ளையள் பயப்படும் எண்டு காட்டியிருப்பாரு," என்றார். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவு முடிந்து நான் தனியே மண்டபத்துக்குப் போய், ஆடுகிற ஏணியில் ஏறி அந்த வரியை எழுதினேன். விழுந்தவர் சுகம் என்றால் நம்பாதே.

அவர் சுகம் என்று சொல்லவில்லை.

அடையாளம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒருதரம் அழுத்தி, பிடியை விட வேண்டும். அன்று அவர் அழுத்தினார், விடவில்லை. என் கை முழுவதும் அந்தப் பெரிய கைக்குள் போய்விட்டது. குளிர்ந்து, வழுக்கி, இறுக்கமாக. இது வழக்கமான அழுத்தம் இல்லை என்று என் கைக்குத் தெரிந்தது. ஆனால் ஒலிவாங்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே, "விடுங்க அண்ணே, ஆக்கள் பாக்காங்க," என்று என் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தேன். பார்த்தவர்களுக்கு அதுவும் விளையாட்டாகத் தெரிந்திருக்கும். நான் எடுத்த பிறகும் அவர் விரல்கள் மூடியபடிதான் இருந்தன.

இதை யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடமும் இல்லை.

பிள்ளை பிறந்த பிறகு ஒன்று நடக்கத் தொடங்கியது. உறங்கும்போது என் விரலைப் பிடித்துக்கொள்வாள். எல்லாப் பிள்ளைகளும் பிடிக்கும், தெரியும். என்னால் அந்த விரலை எடுக்க முடியாது. கால் மரத்து, சோறு ஆறி, மணிக்கணக்காக அப்படியே இருப்பேன். "கைய எடு. நல்ல நித்திர, முழிக்கமாட்டா," என்பார் கணவர். "ஏலா," என்பேன். வீட்டுக்கு வரும் மருத்துவிச்சி எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "சுகம்தான் மிஸ்ஸி," என்பேன். அவர் எழுதிக்கொண்டு போய்விடுவார்.

நீங்கள் தொலைபேசி எடுத்த அடுத்த ஞாயிறு, கோயில் ஆராதனை முடிந்து அக்கா வந்தார். பால் சுரக்கட்டும் என்று சுறா மீனை உதிர்த்து வறை செய்து கொண்டுவந்திருந்தார். பிள்ளை தொட்டிலில் கிடந்தாள். அடுப்பில் சோறு. என்னைப் பார்த்ததும், "என்ன கா, ஆள் பாதியாப் போயிட்டீங்க," என்றார்.

"அக்கா, உங்களுக்கிட்ட ஒண்டு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அண்டைக்கு அண்ணன் கைய அழுத்தினாரு எண்டு சொன்னன் தானே."

"ஓம்."

"அழுத்தினாரு. ஆனா விடல்ல அக்கா. என்ட கையப் புடிச்சாரு, விடவே இல்ல. நான்தான் இழுத்து எடுத்தன். விரல் விரலா எடுத்தன். எடுத்துப்போட்டு ஒலிவாங்கிக்குப் போனன்."

அக்கா சுறா வறைப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தார், மூடினார். வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். போயிருந்தால் அது நியாயம்.

"எந்தக் கை?" என்று கேட்டார்.

"இந்தக் கை."

அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு வருசமா அவரோட கோவமா இருக்கன், தெரியுமா உங்களுக்கு? விடிஞ்சா படத்துக்கு முன்னால நிண்டு ஏசுவன். கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து நோவ மறைச்ச மனிசன், கடைசி நிமிசத்திலயும் சுகம் எண்டு பொய் சொல்லிப்போட்டுப் போயிட்டாரே எண்டு. ஒருதரம், ஒரே ஒருதரம் ஆரிட்டயாவது நோகுது எண்டு சொன்னா என்ன எண்டு." அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். "சொல்லித்தான் இருக்காரு. உங்களுக்கிட்டச் சொல்லியிருக்காரு. அப்ப அவரு பொய் சொல்லல்ல."

"ஓம் அக்கா. அவரு சொன்னாரு. எனக்குத்தான் கேக்கல்ல."

"இத நீங்க அண்டைக்கே சொல்லியிருக்கணும் மகள்."

பரவாயில்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. என்னைக் காப்பாற்ற நான் சொன்ன பாதி உண்மை, அவரிடமிருந்து எதை எடுத்தது என்று அப்போதுதான் விளங்கியது. இரண்டு வருடம் அவர் ஒரு பொய்க்காரரின் விதவையாக இருந்திருக்கிறார். நான் ஆக்கிய பொய்க்காரர்.

"நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கொஞ்சம் கழித்துக் கேட்டார். என் கை பழக்கத்தில் அவர் கையை ஒருதரம் அழுத்தி, பிடியை விட்டது. அக்கா விடவில்லை. நாக்கைப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். "நாளைக்குக் கிளினிக்குக்கு நான் வாறன், நீங்களும் புள்ளயும் வெளிக்கிட்டு நில்லுங்க," என்றார். சோறு அடிப்பிடித்த மணம் வந்தது. அப்போதும் விடவில்லை. நான் அழத் தொடங்கிய பிறகு, வெகுநேரம் கழித்து, நான்தான் மெல்லக் கையைத் தளர்த்தினேன். அதற்குப் பிறகுதான் அக்கா எழும்பிப் போய் அடுப்பை அணைத்தார்.

ஆகவே, தங்கச்சி, தம்பி, அந்த வரியை அழித்துவிடுங்கள். அது விழுந்தவர் மேல் பழி போடும் வரி. துஷாந்தினி பொய் சொன்னாள், உண்மைதான். பார்க்கத் தெரிந்திருந்தால் அதைத் தாண்டியிருப்பேன். அண்ணன் பொய் சொல்லவில்லை. பார்க்கவும் தெரிந்து, கையாலும் உணர்ந்தும், அதைவிட ஓர் ஒலிவாங்கி எனக்கு அவசரமாக இருந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும். சனம் கைதட்டும், அதிகாரி மணிக்கூட்டைப் பார்ப்பார், பிள்ளையும் நன்றாக இருப்பது போலவே தோன்றும். என்ன செய்ய வேண்டும் என்று அப்போது யோசிக்க நேரம் இருக்காது. கையைப் பிடித்திருந்தால், அந்தக் கை தானாக விடும்வரை விடாமல் இருங்கள். கூட்டம் காத்திருக்கும். காத்திராவிட்டால் போகட்டும்.

வெள்ளை காய்ந்த பிறகு எனக்குச் சொல்லுங்கள். அதே இடத்தில் வேறு வரி எழுத வேண்டும், நானே வந்து எழுதுகிறேன். என்ன எழுதுவது என்று அக்காவைக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அது உயரமான சுவர், அந்த ஏணி இன்னும் ஆடுகிறதா என்று கேட்டார். ஆடும் என்றேன்.

"நீங்க ஏறுங்க," என்றார். "நான் புடிக்கிறன்."